தம்ஸ் அப் போட்டாரு, லைட்டு எரியலையே!

கே: எங்க பஞ்சாயத்து பேஸ்புக் பக்கத்துல தண்ணி வராத நாளு, பென்ஷன் மஸ்டரிங் (பென்ஷன் வாங்கறவங்க உயிரோட இருக்கறத நேர்ல பதியறது) தேதின்னு எல்லாமே மலையாளத்துலதான் வருதுங்க. அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. தமிழ்ல போடச் சொல்லி கேக்கலாமுங்களா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு, கேரளா)

ப: தாராளமா கேளுங்க. தமிழ் ஆளுங்க நெறைய இருக்கற மொழிச் சிறுபான்மைப் பகுதிகள்ல அரசு ஆபீசுக்கு தமிழ்லயே எழுதலாம், பதிலும் தமிழ்லயே வரணும்னு கேரளாவோட 1969 ஆட்சிமொழிச் சட்டமே சொல்லுது. அது கடுதாசிக்காக எழுதுனது, அப்ப ஏது பேஸ்புக், அதனால சட்டத்தக் காட்டி சண்டைக்குப் போகாம தமிழ்ல ஒரு மனு எழுதிக் குடுங்க. கூடவே, அறிவிப்ப கலர் கலரா படமா மட்டும் போடாம கீழ டைப்பும் பண்ணச் சொல்லுங்க, டைப் பண்ணுனா போன்ல காப்பி பண்ணி தமிழாக்கிப் பாத்துக்கலாம், படமா இருந்தா அம்மாவுக்கு அது ஆகற காரியமா? என்னைக் கேட்டா வார்டு மெம்பர் தமிழ்ல அரை நிமிஷம் வாய்ஸ் நோட் அனுப்பறதுதான் எல்லாத்தையும் விட பெஸ்ட். மஸ்டரிங் விட்டுப்போனா பென்ஷனே நின்னுபோயிரும், அப்புறம் மஸ்டரிங் பண்ற அக்ஷயா சென்டர் (கேரளாவோட இ-சேவை மையம்) வாசல்ல நிக்கறது யாரு?

கே: பஸ் ஸ்டாப் பக்கம் தெரு லைட்டு எரியல சார், யானை நடமாட்டம் வேற. வார்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், மெம்பர் தம்ஸ் அப் போட்டாரு, அவ்ளோதான்.
– வாசகர், தேவிகுளம்

ப: தம்ஸ் அப்புக்கு பைல் நம்பர் கெடையாதே! நீங்க போட்ட மெசேஜ் மேல பொழுது சாயறதுக்குள்ள குட்மார்னிங்கும் பூச்செண்டுமா ஏறிரும், மெம்பரே நெனச்சாலும் தேடி எடுக்க முடியாது. கேரளாவுல 2025 ஏப்ரல்லருந்து கிராம பஞ்சாயத்துக்கும் உள்ளாட்சி வேலைக்கான ஆன்லைன் தளம் கே-ஸ்மார்ட் வந்தாச்சு, புகாரும் அதுலயே குடுக்கலாம், இல்லையா நேர்ல எழுதிக் குடுத்து ரசீது வாங்குங்க. எதுல குடுத்தாலும் கம்பத்துல பெயின்ட்ல இருக்கற நம்பரை மறக்காம எழுதுங்க, "டீக்கடைக்கு எதுத்த லைட்டு"ன்னு எழுதுனா எந்த டீக்கடைன்னு தேடியே ஒரு வாரம் போயிரும். ரசீது கைக்கு வந்தப்புறம் அதை போட்டோ எடுத்து குரூப்ல போடுங்க, அப்ப தெரியும் வேகம்.

கே: எல்லை தாண்டி வந்து குப்பை கொட்டிட்டுப் போறாங்க. வீடியோ எடுத்தா யாரை டேக் பண்றது?
– வாசகர், புளியரை (தென்காசி, கேரள எல்லை)

ப: கொட்டுன எடம் தமிழ்நாடுன்னா நம்ம போலீசையும் கலெக்டரையும். கேரளாவுக்குள்ளன்னா மாநிலம் முழுக்க ஒரே வாட்ஸ்அப் நம்பர், 9446700800, 2024லயே விட்டுட்டாங்க. வண்டி நம்பரும் எடமும் தெளிவா விழணும், பின்னணிப் பாட்டெல்லாம் சேக்காதீங்க. 2024 டிசம்பர்ல திருநெல்வேலி பக்கம் கொட்டுன மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டதும் கேரளாவே லாரி அனுப்பி அள்ளிட்டுப் போச்சு, அது எங்கருந்து வந்துச்சுன்னு காட்டிக்குடுத்ததே உள்ள கெடந்த ஆஸ்பத்திரி காகிதந்தான். அதனால காகிதத்தையும் க்ளோஸ்அப்ல எடுங்க, ஆனா கையால கிண்டாதீங்க, ஊசி கெடக்கும். நோயாளி பேரு தெரியற படத்த ஊரு பூரா பார்வர்டு பண்றதும் வேணாம், போலீசுக்கு மட்டும் குடுங்க.

கே: வார்டு குரூப் பூரா தலைவர் பொறந்தநாள் போஸ்டர்தான். வெளிய வந்துரட்டுமா?
– வாசகி, சித்தூர் (பாலக்காடு)

ப: வேணாங்க, மியூட் பண்ணுங்க. நாய்க்கு வெறிநோய் ஊசி போடற கேம்ப் தேதியும் அதே குரூப்லதான் வரும்.