கல்லூரி மேக்கர்ஸ்பேஸில் (மாணவர்கள் மெஷின்களில் பொருள் செய்துபார்க்கும் பட்டறை) ஒரு செமஸ்டருக்கு இடம் கிடைத்திருக்கிறது. டிசைன் தீசிஸ் மாதிரியை எங்கிருந்து தொடங்குவது?

அட்டையிலிருந்து. மெஷின் சும்மா கிடக்கிறதே என்று முதல் வாரமே 3டி பிரிண்டர் முன் உட்காராதீர்கள். அளவும் கைப்பிடிமானமும் சரியா என்பதை நெளி அட்டையும் குளூ கன்னும் ஒரே மாலையில் காட்டிவிடும்.

அடுத்து லேசரில் பலகை வெட்டும் மெஷின். 3 மி.மீ. பிளைவுட் என்று விற்பது பலகைக்குப் பலகை 2.7 முதல் 3.2 வரை மாறும். காலிப்பரில் (கனத்தை நுட்பமாக அளக்கும் கருவி) அளந்த பிறகே காடியின், அதாவது இன்னொரு பலகையைச் செருகும் வெட்டின், அகலத்தை வரையுங்கள். லேசர் கதிர் வேறு 0.1–0.2 மி.மீ. எரித்துவிடுவதால், பலகையின் கனத்துக்குச் சரியாக வரைந்தாலும் காடி தளர்ந்துபோகும். 2.6-இல் தொடங்கி 0.1 கூட்டி ஏழு காடிகளைத் துண்டுப் பலகையில் வெட்டுங்கள். லேசாகத் தட்டினால் இறங்குகிற காடிதான் உங்கள் அளவு. பலகை மாறினால் மறுபடி சோதனை. பிவிசி, ரெக்சின் மட்டும் லேசரில் கூடவே கூடாது: அவை எரியும்போது வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலையும் மெஷினையும் சேர்த்து அரிக்கும்.

3டி பிரிண்டில் நகரவேண்டிய பாகங்களுக்குப் பக்கத்துக்கு 0.2–0.3 மி.மீ. இடைவெளி விடுங்கள். வளைகிற கொக்கியைப் படுக்கவைத்து அச்சிடுங்கள். நிற்கவைத்தால் அடுக்கு பிரிந்து உடையும்.

கடைசி இரண்டு வாரம் மெஷினுக்கு வரிசை நீளும், எல்லாருக்கும் ஒரே கெடு நாள்தானே. பெயின்ட் காயவும் நாள் வேண்டும். வெட்டும் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.