பள்ளிக்கூடத்தை மூடிய ஊர்

அன்புள்ள சார்,

டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் பல வருடங்களாக இருக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பு, கல்லூரித் தரத்துப் பாடங்களான ஏபி வகுப்புகளில் படிக்கிறாள். பள்ளியில் பிரவுன் வழக்கைப் பற்றி ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்பது சட்டவிரோதம் என்று 1954இல் வந்த தீர்ப்பு. செய்துகொண்டே இருந்தவள் திடீரென்று, "அப்பவே தீர்ப்பு வந்துடுச்சுன்னா என்னோட ஏபி கிளாஸ்ல ஏன்ப்பா ஒரே ஒரு பிளாக் பொண்ணு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மனதில் பட்டதை எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் இரண்டு பெட்டியோடு வந்தவர்கள். யாரும் எங்களுக்கு எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. படிப்புதான் சொத்து என்று சொல்லி வளர்த்தார்கள், நாங்களும் அப்படித்தான் வளர்க்கிறோம். அந்தக் கலாச்சாரம் அவர்களிடம் குறைவோ என்று தோன்றுகிறது. சட்டத் தடை நீங்கி எழுபது வருடம் ஆகிவிட்டதே! போதாததற்கு இங்கே ராபின் ஹூட் சட்டம் என்று ஒன்று. நாங்கள் கட்டும் சொத்து வரியில் ஒரு பங்கை எடுத்து ஏழை ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகளுக்கு, அதாவது மற்றப் பள்ளி நிர்வாகப் பகுதிகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற ஹார்வர்ட் தீர்ப்பு பற்றியும் உங்கள் கருத்தை அறிய ஆவல். மகளுக்கு என்ன சொல்லட்டும்? படிக்க ஒரு பட்டியலும் தந்தால் உதவியாக இருக்கும்.

கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

முதலில் உங்கள் மகளுக்கு என் அன்பு. வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது எல்லோருக்கும் முடியும். யார் இல்லை என்று பார்க்க ஒரு கண் வேண்டும். அவளுக்கு அது இருக்கிறது.

ஹார்வர்ட் தீர்ப்பை விடுங்கள். 2023இலிருந்து அதைப் பற்றி எழுதாதவர் பாக்கி இல்லை. ஐந்து வயதில் முடிந்துபோன காரியத்துக்குப் பதினெட்டு வயதில் பஞ்சாயத்து வைக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. பட்டியலும் தரப்போவதில்லை. பட்டியல் கேட்பவர்கள் படிப்பதில்லை என்பது என் அனுபவம். மகள் படிப்பாள், அவளுக்கு நூலகம் இருக்கிறது.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டு பெட்டியைப் பற்றிச் சொல்லத்தான். அமெரிக்காவிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் அந்தப் பெட்டிகள் வந்துவிடுகின்றன. பெட்டிக்குள் ஒரு பட்டம் இருந்ததே ஐயா, அதை ஏன் யாருமே எழுதுவதில்லை? உங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த விசா ஒரு சல்லடை. படித்தவர்களாகப் பார்த்துச் சலித்து எடுத்தது. சலித்து எடுத்த ஒரு சின்னக் கூட்டத்தை, நானூறு வருடமாக அந்த மண்ணில் கிடந்து உழைத்த ஒரு மொத்த இனத்தோடு ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசத்துக்குக் கலாச்சாரம் என்று பெயர் வைக்கிறீர்கள். பொறியாளர் வீட்டுப் பிள்ளை கணக்கில் நூறு வாங்கினால் அது கலாச்சாரமா?

யாரும் எதுவும் தரவில்லை என்பதும் சரியில்லை. 1946 சட்டப்படி இந்தியர்களுக்கு அமெரிக்கா ஒதுக்கிய இடம் ஆண்டுக்கு 100. கதவு உண்மையில் திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தால். அதற்கு முந்தின வருடம்தான் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டம், 1965இலேயே வாக்குரிமைச் சட்டம். இனத்தைப் பார்த்து ஆளைப் பிரிப்பது அசிங்கம் என்று அந்த நாட்டுக்கு உறைத்த இரண்டு வருடங்கள் அவை. உறைக்க வைத்தவர்கள் தெருவில் இறங்கி அடிவாங்கிய கறுப்பின மக்கள். அவர்கள் திறந்த கதவு வழியாக உள்ளே போனவர்கள் நாம்.

சரி, கலாச்சாரத்துக்கே வருவோம். உள்நாட்டுப் போருக்கு முன்னால் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது சட்டப்படி குற்றம். படிப்பில் அக்கறை இல்லாதவர்களைத் தடுக்க எதற்குச் சட்டம்? போர் முடிந்த பிறகு பள்ளி வந்தது, ஆனால் தனிப் பள்ளி, கிழிந்த பள்ளி. அப்போது சியர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தார். நான் கொஞ்சம் தருகிறேன், அரசு கொஞ்சம் தரட்டும், ஊரார் கொஞ்சம் போடுங்கள் என்றார். 1912க்கும் 1932க்கும் நடுவில் தெற்கில் ஐயாயிரத்தை ஒட்டிப் பள்ளிகள் எழுந்தன. உங்கள் டெக்சாஸில் மட்டும் 500 கட்டடங்களுக்கு மேல். இதில் கறுப்பின ஊர்க்காரர்கள் போட்டது ஏறக்குறைய 47 லட்சம் டாலர். கோடீஸ்வரரின் நிதி தந்தது அதைவிடக் குறைவு.

அந்தப் பணத்தைப் போட்டவர்கள் யார்? பெரும்பாலும் குத்தகைக்குப் பருத்தி போட்டவர்கள். பள்ளிக்கென்று வயலில் ஒரு மூலையை ஒதுக்கி, அதில் விளைந்த பஞ்சை விற்றுக் கொடுத்திருக்கிறார்கள். பணம் இல்லாதவர்கள் மரம் வெட்டிக் கொடுத்தார்கள், சுவர் எழுப்பினார்கள். அரசுக்கு வரியும் கட்டினார்கள். அந்த வரி வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போனது. தங்கள் பிள்ளைக்கு இரண்டாம் முறை கையிலிருந்து போட்டார்கள். படிப்புதான் சொத்து என்று உங்கள் அப்பா வாயால் சொன்னார். இவர்கள் பருத்தி விற்றுக் காட்டினார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் வர்ஜீனியாவில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது ஃபார்ம்வில் என்ற சின்ன ஊருக்குப் போனேன். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் தலைநகர். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. 1939இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று கட்டிய மோட்டன் உயர்நிலைப் பள்ளி இன்று அருங்காட்சியகம். 180 பேருக்குக் கட்டியது. 1951இல் 450 பேருக்கு மேல் அதில் படித்தார்கள். இடம் போதவில்லை என்று கேட்டதற்கு மைதானத்தில் பலகையும் தார்த்தாளும் போட்டுக் கொட்டகை அடித்துக் கொடுத்தார்கள். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு முதுகு வெந்தது, ஜன்னல் பக்கத்தில் இருந்த பிள்ளை கோட்டைக் கழற்றவில்லை. மழை பெய்தால் உள்ளே ஒழுகும். சாலையில் போகிறவர்கள் கோழிப் பண்ணை என்று நினைத்துக்கொள்வார்களாம்.

நான் நின்ற அரங்கம் பெரிதில்லை. மரத்தரை, ஒரு சிறிய மேடை. 1951 ஏப்ரல் 23 அன்று, பேருந்து நிலையத்தில் உங்கள் மாணவர்கள் தகராறில் மாட்டியிருக்கிறார்கள் என்று யாரோ தலைமை ஆசிரியருக்குப் போன் செய்து அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் பெயரில் வகுப்புகளுக்குச் சீட்டுப் போனது: எல்லோரும் அரங்கத்துக்கு வரவும். திரை விலகியபோது மேடையில் நின்றது பார்பரா ஜான்ஸ், பதினாறு வயது. உங்கள் மகள் வயதுதான் இருக்கும். ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னாள். புதுப் பள்ளி கட்டித் தரும்வரை யாரும் வகுப்புக்குப் போகக் கூடாது என்றாள். அத்தனை பேரும் எழுந்து அவள் பின்னால் போனார்கள். அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்த வழக்கு, பிரவுன் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட ஐந்தில் ஒன்று. ப்ராஜெக்டில் பிரவுன் வழக்கு எழுந்த கான்சாஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள். பின்னால் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படைத் தளபதியாக இருந்த ஜெனரல் லீயின் சிலையை அகற்றியபோது, அந்த இடத்துக்கு வர்ஜீனியா தேர்ந்தெடுத்தது இந்தப் பெண்ணைத்தான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கப்புறம் நடந்தது. தீர்ப்பு வந்துவிட்டது, சேர்த்துப் படிக்க வைத்தே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் நெருக்கியது. 1959இல் கவுண்டி நிர்வாகிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளிக்கு வரி போடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆளை அடிக்கவில்லை, வாசலில் காவல் நிறுத்தவில்லை. பட்ஜெட்டில் பள்ளிக்கு ஒரு காசு ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். கவுண்டியின் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் பூட்டு. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு உடனே ஒரு தனியார் அகாடமி முளைத்தது. முதல் வருடம் நன்கொடை, அடுத்த வருடம் மாநிலத்தின் உதவித்தொகை, கவுண்டியின் வரிச்சலுகை. கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேருக்குப் பள்ளியே இல்லை. ஐந்து வருடம், கார்த்திகேயன். ஏழு வயதில் இரண்டாம் வகுப்புக்குக் காத்திருந்த பிள்ளைக்குப் பள்ளி மறுபடி ஒழுங்காகத் திறக்கும்போது பன்னிரண்டு வயது. உங்களுக்கும் ஒரு தனியார் பள்ளி அமைத்துத் தருகிறோம் என்று நடுவில் ஒரு பேச்சு வந்தது. அதை ஒப்புக்கொண்டால் வழக்கே போய்விடும் என்று பெற்றோர்கள் மறுத்தார்கள். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு மறுத்திருப்பார்கள்.

சிலர் பிள்ளைகளை வேறு மாநிலத்து உறவினர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். தேவாலயத்தின் அடித்தளத்தில் சில வகுப்புகள் நடந்தன. இன்னும் சிலர் கவுண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு இடிந்த வீட்டை வாடகைக்குப் பிடித்து, காலையில் பிள்ளைகளைக் காரில் கொண்டுபோய் அதன் வாசலில் நிறுத்தினார்கள். அந்த வீட்டிலிருந்துதான் கிளம்புகிறார்கள் என்று நினைத்துப் பக்கத்துக் கவுண்டியின் பள்ளி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

1964இல் உச்ச நீதிமன்றம் பொறுமை இழந்து, வேண்டுமானால் இந்த நிர்வாகிகளை வரி விதிக்கும்படியே கட்டளையிடலாம் என்றது. பள்ளிகள் திறந்தன. நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அதைத்தான். பள்ளியைப் பிரிக்க நிறம் தேவையே இல்லை. ஒரு எல்லைக்கோடு, அதற்குள் ஒரு வரி, கையில் ஒரு முகவரி போதும் என்று அந்தச் சின்ன ஊர் நாட்டுக்கே காட்டிக்கொடுத்துவிட்டது. 1930களில் கறுப்பினத்தவர் வாழும் தெருக்களை வரைபடத்தில் சிவப்பாக்கி, அங்கே வீட்டுக்கடன் கிடைக்காமல் செய்து, யார் எங்கே குடியிருப்பது என்பதை ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார்கள். அதன்மேல் உள்ளூர் சொத்து வரியில் பள்ளியை நடத்தினால் வேறு சட்டமே வேண்டியதில்லை.

இனி உங்கள் டெக்சாஸ். சான் அன்டோனியோ நகரத்தில் எட்ஜ்வுட் என்று ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். பிள்ளைகளில் 90 சதவீதம் மெக்சிகோ வம்சாவளி, மீதியில் கணிசம் கறுப்பினம். அதே நகரத்தில் அலாமோ ஹைட்ஸ், பெரும்பாலும் வெள்ளையர். 1967–68 கணக்கை உச்ச நீதிமன்றமே பதிவுசெய்திருக்கிறது. எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அலாமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான். ஏழைகள்தான் அதிக விகிதத்தில் கட்டினார்கள், நன்றாகக் கவனியுங்கள். ஆனால் சொத்து மதிப்பு பாதாளத்தில் கிடந்ததால், மாநிலத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக எட்ஜ்வுட் பிள்ளைக்குக் கிடைத்தது 26 டாலர், அலாமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 333. மத்திய, மாநில உதவியெல்லாம் சேர்த்த பிறகும் 356க்கு 594.

டெமெட்ரியோ ரொட்ரிகஸ் என்ற தகரவேலைத் தொழிலாளி வழக்குப் போட்டார். 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். கல்வி அமெரிக்க அரசியல் சாசனம் உறுதிசெய்யும் அடிப்படை உரிமை அல்ல என்று தீர்ப்பு எழுதியவர் நீதிபதி லூயிஸ் பாவெல். ஃபார்ம்வில்லில் பள்ளிகளுக்குப் பூட்டுப் போட்டபோது அவர் அதே வர்ஜீனியாவில், ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத்தின் தலைவராக இருந்தவர். மறுத்து எழுதியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல், பிரவுன் வழக்கை வாதாடி வென்றவர். அடுத்த வருடமே டெட்ராய்ட் வழக்கில், நகரத்தையும் புறநகரையும் பிரிக்கும் டிஸ்ட்ரிக்ட் கோட்டைத் தாண்டிப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்ல முடியாது என்றும் தீர்ப்பு வந்தது. மகள் கேட்ட 'அப்பவே'க்குப் பதில் இந்த இரண்டு வருடங்களில் இருக்கிறது.

நம்மவர்கள் வீடு வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். உறவுக்காரப் பையன் ஒருவன் போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். ஒரே தெருவுக்கு இந்தப் பக்கம் பள்ளி ரேட்டிங் ஒன்பது, அந்தப் பக்கம் நான்கு. வீடுகள் ஒரே மாதிரிதான் இருந்தன. "அந்தப் பக்கம் வேணாம் சித்தப்பா, கொஞ்சம் மிக்ஸ்டு ஏரியா" என்றான். நல்ல பையன், யாரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டான். உங்களையும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. வீட்டோடு சேர்த்துப் பள்ளியையும் வாங்கிவிட்டு, விற்பனைக்கு வைத்தது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கவும் தேவைப்படவில்லை. வாங்க முடியாதவர்களுக்கு என்ன ஆகிறது தெரியுமா? ஒஹையோவில் ஒரு கறுப்பினத் தாய் தன் பெண்களைப் பக்கத்து டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் சேர்க்கத் தன் அப்பாவின் முகவரியைக் கொடுத்தாள். 2011இல் அவளைச் சிறையில் வைத்தார்கள், ஒன்பது நாள். பிறகு மாநில ஆளுநர் தலையிட்டு அவள்மேல் இருந்த குற்றத்தின் தரத்தைக் குறைத்தார். அவள் செய்ததும் பிரின்ஸ் எட்வர்ட் பெற்றோர்கள் செய்ததுதான்.

உங்கள் ராபின் ஹூட் வருத்தத்துக்கும் ரொட்ரிகஸ்தான் காரணம். வாஷிங்டனில் தோற்ற வழக்கை எட்ஜ்வுட் மறுபடி டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1989இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் நின்றார்கள். மாநிலத்தின் மிகப் பணக்கார டிஸ்ட்ரிக்டுக்கும் மிக ஏழை டிஸ்ட்ரிக்டுக்கும் ஒரு பிள்ளைக்கான சொத்து மதிப்பு 700க்கு 1 என்று தீர்ப்பில் எழுதினார்கள். அதற்கப்புறம் இழுபறியாகி 1993இல் வந்ததுதான் நீங்கள் முணுமுணுக்கும் சட்டம். ரொட்ரிகஸின் பிள்ளைகளுக்கு அதில் ஒரு டாலர்கூடப் பிரயோஜனமில்லை, அதற்குள் அவர்கள் வளர்ந்துவிட்டார்கள். வரியைக் கட்டுங்கள், முணுமுணுக்காமல் கட்டுங்கள்.

மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். சான் அன்டோனியோ உங்கள் வீட்டிலிருந்து நான்கைந்து மணி நேரம். எல்லோரும் அலாமோ கோட்டையும் ஆற்றங்கரை நடைபாதையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அலாமோ ஹைட்ஸில் தொடங்கி எட்ஜ்வுட் வரை மெதுவாக ஓட்டுங்கள். அவள் ஜன்னல் பக்கம் உட்காரட்டும். வழியில் 'நாங்கள் அந்தக் காலத்தில்' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

அன்புடன்