சீனர்கள் நண்டுக்கு இஞ்சி சேர்ப்பது ஏன்? சூடு, குளிர்ச்சியை எப்படிப் பிரிக்கிறார்கள்?

நம்மூரில் சளி பிடித்தால் நண்டு ரசம் வைப்பார்கள். சீன மரபில் நண்டு கடுங்குளிர்ச்சி. நம் சூடு, குளிர்ச்சிப் பட்டியலை அங்கே பொருத்தினால் குழப்பம்தான் மிஞ்சும்.

அங்கே ஐந்து தரம்: கடுங்குளிர்ச்சி, மிதக்குளிர்ச்சி, சமம், மிதச்சூடு, கடுஞ்சூடு. சாப்பிட்டபின் உடம்பில் என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு. ஃபிரிட்ஜில் வைத்த லிச்சியும் சூடு, ஆவி பறக்கும் சாமந்திப்பூ டீயும் குளிர்ச்சி. தர்ப்பூசணி, பாகற்காய், பாசிப்பயறு குளிர்ச்சிப் பக்கம். பூண்டு, ஆட்டுக்கறி சூட்டுப் பக்கம். அரிசியும் முட்டையும் சமம்.

பொருளின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது, பக்குவம் தரத்தையே மாற்றிவிடும். பச்சைத் தாமரைக்கிழங்கு குளிர்ச்சி, வேகவைத்தால் மிதச்சூடு. இஞ்சி காய்ந்து சுக்கானால் சூடு இன்னும் ஏறும்.

இதை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் சீனாவின் சூச்சோ நகருக்குப் பக்கத்து யாங்செங் ஏரி நண்டைப் பாருங்கள். இலையுதிர்காலத்தில் வரும். உயிரோடுள்ள நண்டைக் கயிற்றால் கட்டுவார்கள், இல்லாவிட்டால் துள்ளிக் கால் உதிரும். வயிறு மேலே இருக்கும்படி தட்டில் வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் உள்ளிருக்கும் மஞ்சள் கரு ஒழுகிப்போகும். நண்டின் குளிர்ச்சியைச் சமன் செய்ய, மேலே சூட்டுப் பக்கமான இஞ்சித் துண்டும் பெரில்லா என்ற புதினா குடும்பத்து வாசனை இலையும். 150–200 கிராம் நண்டு, தண்ணீர் கொதித்தபின் 15 நிமிடம் ஆவியில் வேகும். தொட்டுக்கொள்ள, பொடியாக நறுக்கிய இஞ்சி, கறுப்பு வினிகர், கொஞ்சம் சர்க்கரை. செவுள், இரைப்பை, குடலோடு நடுவிலிருக்கும் அறுகோண இதயத்தையும் எடுத்தெறிவார்கள். நண்டிலேயே மிகக் குளிர்ச்சியான பகுதி அது என்பது அவர்கள் கணக்கு. கடைசியில் இஞ்சியும் கருப்புச் சர்க்கரையும் சேர்த்த தண்ணீர் ஒரு கப். நண்டு ஒவ்வாமை உள்ளவர்களை இந்த இஞ்சி காப்பாற்றாது. செத்துக்கிடந்த நண்டை எதைச் சேர்த்தும் சமைக்காதீர்கள், கிருமி சீக்கிரம் பெருகிவிடும்.

கோடைக்குப் பாசிப்பயறுத் தண்ணீர். 100 கிராம் பயறு, 1 லிட்டர் தண்ணீர், மூடி போட்டு 10 நிமிடம் கொதிக்க வைத்து, பச்சை நிறத்தில் இருக்கும்போதே வடிக்க வேண்டும். குளிர்ச்சிக்கு இந்தத் தெளிவைத்தான் குடிப்பார்கள். பயறு குழைந்துவிட்டால் அது பசிக்கான கஞ்சி. தண்ணீர் சிவந்தால் பயறைக் குறை சொல்லாதீர்கள். காரத்தன்மையுள்ள தண்ணீரில் காற்றுப் பட்டுத் தோலின் சத்து நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பச்சை நிற்கும். அடிக்கடி வயிறு இளகுபவர்களுக்கு இதைக் கோடையிலும் குறைத்தே கொடுப்பார்கள்.