ஆறாம் வகுப்புக்கு முன் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தலாமா?

வணக்கம் அம்மா,

ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகும் உங்கள் மகன் காலையானால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான், வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் அழுகிறான், வீட்டில் பழைய மின்விசிறியைக் கழற்றி மாட்டுவதில் மட்டும் நேரம் போவதே தெரியாமல் இருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் கணவருக்குச் சான்றிதழ் பயம். மாமியாருக்கோ பேரன் யாரோடும் பழகத் தெரியாமல் வளர்ந்துவிடுவான் என்ற கவலை.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வாய்மொழியாகக் கேட்டால் பதில் சொல்கிறான், எழுத்தைப் பார்த்து வாசிக்கத்தான் திணறுகிறான் என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அதற்கான பரிசோதனையைக் கோவையிலோ சென்னையிலோ ஒரு குழந்தை உளவியல் நிபுணரிடம் செய்துகொள்ளுங்கள். குறைபாடு உறுதியானால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு வழி உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் பள்ளியை மட்டும் நிறுத்தினால், அதே திணறல் உங்கள் கூடத்துக்கு இடம் மாறும். அப்போது ஆசிரியர் மீதிருந்த பயம் அம்மா மீது திரும்பும். அது நடக்கக் கூடாது.

சட்டத்தைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். 2009இன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாகச் சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை ஏதும் இல்லை. 2012இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு ஒன்றில், விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் அதைத் தொடரலாம் என்றே மத்திய அரசு தெரிவித்தது. இதே சட்டம் உங்களுக்கு இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. இடையில் பள்ளிக்குப் போகாத குழந்தையை அதன் வயதுக்கு உரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதன் நான்காவது பிரிவு. ஆகவே எட்டாம் வகுப்பு வரை இது திரும்பி வர முடியாத பாதை அல்ல.

உங்கள் கணவரின் கேள்விதான் கனமானது. பத்தாம் வகுப்பை எங்கே எழுதப்போகிறான் என்பதை இன்றே முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் மத்திய அரசு வாரியமான தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் (என்.ஐ.ஓ.எஸ்.) 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம்; படிக்கும் திறன் இருக்கிறது என்ற சுய உறுதிமொழியே போதும், எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கட்டாயமில்லை. ஐந்து பாடங்கள் தேவை. பதிவு ஐந்தாண்டு செல்லும். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கும் என்பதால் எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி. மாநிலப் பாடத்திட்டம்தான் வேண்டும் என்றால், பள்ளியில் சேராமல் தேர்வு மட்டும் எழுதும் தனித்தேர்வர் வழி இருக்கிறது: 12½ வயதில் எட்டாம் வகுப்புத் தேர்வு, பிறகு பத்தாம் வகுப்பு. அறிவியல் செய்முறை வகுப்புக்குப் பெயர் கொடுத்துப் போயாக வேண்டும். அதைத் தவறவிட்டு ஓராண்டை இழப்பவர்கள் நிறைய. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பைப் பள்ளியில் சேராமல் நேரடியாக எழுதலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

திறந்தநிலைப் பள்ளியில் படித்தால் மருத்துவமும் பொறியியலும் போய்விடும் என்பது பழைய கதை. நீட், ஜே.இ.இ. இரண்டையும் இன்று அந்த மாணவர்கள் எழுதுகிறார்கள். மும்பையைச் சேர்ந்த மாளவிகா ஜோஷி, பத்து, பன்னிரண்டு சான்றிதழ்கள் இல்லாமலேயே சர்வதேசக் கணினி ஒலிம்பியாட் பதக்கங்களின் பலத்தில் 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். அதற்கு முன்பே அவருக்கு இடம் கொடுத்துப் படிக்கவைத்தது நம் சென்னைக் கணிதவியல் நிறுவனம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி. வாசல் அவருக்குத் திறக்கவில்லை. அவர் கதையைக் காட்டிச் 'சான்றிதழே தேவையில்லை' என்று பேசுபவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். உங்கள் மகன் இரண்டு சான்றிதழ்களையும் வாங்கியே ஆக வேண்டும், அதுவும் இரண்டுக்கும் நடுவே இரண்டாண்டு இடைவெளியோடு.

ஆறாம் வகுப்பு என்பதால் இன்னொன்றையும் யோசியுங்கள். எதிர்காலத்தில் அரசுப் பள்ளிக்கு மாற்றும் எண்ணம் துளியாவது இருந்தால், வீட்டில் வைக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் விலை உண்டு. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. ஆறாம் வகுப்பை வீட்டில் படித்துவிட்டு ஏழில் அரசுப் பள்ளிக்குப் போனால் அந்த உரிமை கைநழுவும். தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத அரசு வேலை ஒதுக்கீடும் பள்ளிப் படிப்பு முழுவதையும் கணக்கில் எடுக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. உங்கள் கனவு என்றால், திறந்தநிலைச் சான்றிதழ் பற்றி நடப்பு அறிவிக்கையில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று வரிவரியாகப் படித்த பிறகே நகருங்கள்.

மாமியாரின் கவலைக்கு வருகிறேன். வகுப்பில் அடுத்த இருக்கைக்காரனோடு பேசினால் திட்டு வாங்கும் பிள்ளைக்குப் பள்ளி எவ்வளவு பழக்கம் கற்றுத்தருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் பயப்படுவதில் பாதி உண்மை. துணை தானாக வராது. நீங்கள்தான் ஏற்படுத்தித்தர வேண்டும். மாலையில் ஒரு விளையாட்டு, வாரத்தில் சில நாள் நூலகம், அப்பாவோடு பனியன் கம்பெனியில் தையல் இயந்திரம் பழுதுபார்ப்பவர் பக்கத்தில் ஒரு மணி நேரம். மோட்டாரைக் கழற்றும் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரத்தில் மின்சாரப் பாடம் பாதி வந்துவிடும். வீட்டுக்கல்வியின் அசல் லாபமே இந்த நேரம்தான். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்தால் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏட்டுப்பாடம் காலை மூன்று மணி நேரத்துக்குள் முடியும். அதைவிட்டு வீட்டில் மணியடித்து எட்டு பீரியடு நடத்தினால் இருவரும் ஒரே மாதத்தில் சோர்ந்துபோவீர்கள்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுகின்றன. நீங்கள் வேலையை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சமையல், மாமியார் மருந்து, மகன் படிப்பு எல்லாம் உங்கள் தலையில் விழுந்தால் இது ஓடாது. கணக்கோ அறிவியலோ ஒரு பாடத்தை உங்கள் கணவர் முழுதாக ஏற்றுக்கொள்ளட்டும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், நிறுத்தவே வேண்டாம். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்த வேறு பள்ளியைத் தேடுங்கள்.

இணையப் பள்ளி என்று விளம்பரம் செய்து மொத்த ஆண்டுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்பவர்களிடம், 'பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எந்த வாரியத்தின் முத்திரை இருக்கும்?' என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

பரிசோதனை அறிக்கை ஏப்ரலுக்குள் கைக்கு வந்துவிட்டால் நல்லது. நிறுத்துவதாக முடிவானால் மாற்றுச் சான்றிதழ், ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்) மூன்றையும் வாங்கிக்கொண்டே பள்ளியை விட்டு வெளியே வாருங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் இந்தக் கோடை விடுமுறையிலேயே திருத்திவிடுங்கள், திறந்தநிலைப் பள்ளிப் பதிவுக்கு இவைதான் தேவைப்படும். அறிக்கை வந்ததும் எழுதுங்கள். மகனுக்கு எந்த ஐந்து பாடங்கள் பொருந்தும் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.