கேள்வி–பதில்: மறுநாள் காணாமல் போகும் சேவ்

கேள்வி: அண்ணன் கொடுத்த சூப்பர் ஃபாமிக்காமில் (நின்டெண்டோவின் பழைய வீடியோ கேம் கருவி) ‘குரோனோ டிரிகர்’ விளையாட்டு ஓடுகிறது, மறுநாள் போட்டால் சேவ் (விளையாடிச் சேமித்த நிலை) இல்லை. ரோல்-பிளேயிங் (கதாபாத்திரமாகக் கதையில் பயணிக்கும்) விளையாட்டுக்கு நான் புதுசு. இதிலேயே தொடங்கலாமா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: தாராளமாக. 1995இல் வந்தது; எதிரிகள் பெரும்பாலும் கண்ணெதிரே நிற்பதால் திடீர்ச் சண்டைத் தொல்லை குறைவு. ஜப்பானியப் பதிப்பென்றால் வசனம் முழுதும் ஜப்பானியமே, பொறுமை வேண்டும். அடுத்து ‘ஃபைனல் ஃபேன்டசி 6’ விளையாடலாம்.

சேவ் அழிவது பெரும்பாலும் கார்ட்ரிட்ஜுக்குள் (கருவியில் செருகும் விளையாட்டுப் பெட்டி) இருக்கும் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோனதால்தான். 3.8 மி.மீ. கேம்பிட் திருப்புளியால் (இந்தப் பெட்டிகளின் சிறப்புத் திருகுக்கானது) திறங்கள். வழக்கமாக சிஆர்2032 என்ற காசு வடிவப் பேட்டரி இருக்கும். இரு பக்கமும் தகடு பற்றவைத்ததாகக் கேட்டு வாங்கி, பழையதைக் கழற்றிவிட்டு சாலிடர் செய்யுங்கள். கூட்டல், கழித்தல் மாறக்கூடாது. வெறும் பேட்டரிமேல் நேராக ஈயம் வைக்கவே வேண்டாம், சூட்டில் வெடிக்கலாம். செலோடேப் ஒட்டும் குறுக்குவழியும் உதவாது. தொடர்பு விட்டால் சேவ் மறுபடி போய்விடும்.