"கர்த்தர் சொல்லுகிறார்" என்று சொல்லித்தான் ஆகவேண்டுமா?

கேள்வி: ஜெபிக்கும்போது எங்கள் சபையில் இருக்கும் ஒரு விதவை அக்காவின் முகம் அடிக்கடி மனதில் வருகிறது, கூடவே ஒரு வசனமும். இது தீர்க்கதரிசன வரமா? சொல்லப் பயமாக இருக்கிறது. போன வருடம் கூட்டத்துக்கு வந்த ஊழியர் ஒருவர், குழந்தையில்லாத ஒரு தங்கையை எல்லார் முன்னாலும் எழுப்பி, "அடுத்த வருஷம் உன் கையில் பிள்ளை இருக்கும், கர்த்தர் சொல்லுகிறார்" என்றார். வருடம் ஓடிவிட்டது. அவள் இப்போது சபைக்கே வருவதில்லை.

பதில்: அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

அந்தத் தங்கையைப் பற்றிப் படித்ததும் மனது கனத்துப்போனது. உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் அதற்காக வாயை மூடிக்கொள்ளாதீர்கள். தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றும் அதே மூச்சில்தான் எழுதினார்.

விசா கிடைக்குமா, வரன் அமையுமா என்று கேட்கும் காரியமாக இந்த வரத்தை நாம் ஆக்கிவிட்டோம். ஆதிச் சபையின் தீர்க்கதரிசியான அகபு பஞ்சத்தை முன்னறிவித்தது உண்மைதான். அதைக் கேட்ட அந்தியோகியா சீஷர்கள் என்ன செய்தார்கள்? அவரவர் திராணிக்குத் தக்கபடி பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பினார்கள். அந்த வார்த்தையால் யாரோ சிலருடைய பசி ஆறியது.

1 கொரிந்தியர் 14:3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தீர்க்கதரிசனம் சொல்லுகிறவன் பக்திவிருத்தியும் புத்தியும் ஆறுதலும் உண்டாகப் பேசுகிறான் என்று இருக்கிறது. புத்தி சொல்வது என்றதும் நமக்குக் கண்டிப்பதுதான் ஞாபகம் வரும். கிரேக்கத்தில் அங்கே இருக்கும் சொல் பராக்லேசிஸ். அப்போஸ்தலர் 4:36-ல் பர்னபாவை "ஆறுதலின் மகன்" என்கிறோமே, அங்கேயும் இதே சொல்தான். பக்கத்தில் வந்து நின்று தைரியப்படுத்துவது என்று எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

எனக்கு வேலை போயிருந்த சமயம். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வயதான அம்மா ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "தம்பி, ராத்திரி உனக்காக ஜெபிச்சேன். சூரைச்செடிக்குக் கீழ படுத்துக் கிடந்த எலியாதான் ஞாபகத்துக்கு வந்தாரு. தேவதூதன் அவரை முதல்ல சாப்பிடத்தானே சொன்னான்? நீயும் போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்குப்பா" என்றார். பல நாளாக நான் சரியாகச் சாப்பிடவுமில்லை, தூங்கவுமில்லை. அது வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. அன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். "கர்த்தர் சொல்லுகிறார்" என்று அந்த அம்மா சொல்லவே இல்லை.

நீங்களும் அப்படியே போங்கள். மைக்கும் வேண்டாம், சாட்சி நேரமும் வேண்டாம். அந்த அக்கா வீட்டுக்கே போய், "ஜெபத்துல உங்க நினைப்பு வந்துச்சுக்கா, இந்த வசனமும் வந்துச்சு" என்று சொல்லுங்கள். நாள் குறிக்காதீர்கள், பிள்ளை, கல்யாணம், சுகம் பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள். அப்புறம் அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். இது வரமா இல்லையா என்பதை நீங்களே தீர்க்க வேண்டியதில்லை. "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்று 1 கொரிந்தியர் 14:29 அந்த வேலையைச் சபையிடம் கொடுத்திருக்கிறது. உங்கள் போதகரிடமும் சொல்லி வையுங்கள்.

ஆனால் அக்கா வீட்டுக்குப் போகும் முன், அந்தத் தங்கையைப் போய்ப் பாருங்கள். வசனம் எதுவும் கொண்டுபோக வேண்டாம். "அன்னைக்கு உன்னை அப்படி நிக்க வச்சது தப்பும்மா, நாங்க யாரும் வாயைத் திறக்கலை, மன்னிச்சிடு" என்று சொல்லுங்கள். அவள் அழுதால் கூடவே உட்கார்ந்திருங்கள்.