சுகர் இருக்கு, கம்பம் வரைக்கும் சைக்கிள்ல போகலாமா டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். வயசு 48, உச்சிப்புளி பக்கம், ஸ்கூல் வாத்தியார். சுகர் வந்து அஞ்சு வருஷம் ஆச்சு, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலைல ஒண்ணு நைட்டு ஒண்ணு போடுறேன், கடைசியா பாத்த ஹெச்பிஏ1சி, அதான் மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட், 7.4. ஒரு வருஷமா ரோடு சைக்கிள் ஓட்டுறேன். தை மாசம் பிரண்ட்ஸோட ராமநாதபுரத்துல இருந்து வைகையை ஒட்டியே மதுரை, தேனி, அப்படியே கம்பம் திராட்சைத் தோட்டம் வரைக்கும் மூணு நாள்ல போகலாம்னு பிளான். ஆனா போன ஞாயித்துக்கிழமை காலைல மாத்திரையப் போட்டு, சக்கரை இல்லாத டீ மட்டும் குடிச்சிட்டு பாம்பன் பாலம் வரை போயிட்டு வந்தேன், திரும்புறப்ப மண்டபம் தாண்டி கை நடுங்கி வேர்த்துக் கொட்டி கண்ணு இருட்டிருச்சு. இளநி குடிச்சும் கால் மணி நேரமா சரியாகல, பரோட்டா சாப்பிட்டு ரொம்ப நேரம் கழிச்சுதான் தெளிஞ்சுச்சு. வலது கை சுண்டுவிரலும் மோதிரவிரலும் வேற மரத்துப்போகுது. வீட்ல போகவே கூடாதுங்குறாங்க. போகலாமா? தோட்டத்துல திராட்சை சாப்பிடலாமா?

பதில்: போகலாம் சார். ஆனா இப்ப போடுற மாத்திரையை இப்படியே போட்டுக்கிட்டு வெறும் வயித்தோட கிளம்புறதா இருந்தா வேண்டாம். உங்க வீட்ல பயப்படுறது நியாயம். சுகர் ஏறிடுமோன்னு அவங்க நினைக்கலாம், எனக்கு கவலை எல்லாம் அது இறங்கிடுமோன்னுதான்.

அன்னைக்கு நீங்க மீட்டர்ல பாக்கல, அதனால அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா நீங்க எழுதியிருக்கிறதை படிச்சா லோ சுகர்னுதான் படுது. மெட்ஃபார்மின் மட்டும் போட்டா சுகர் இப்படி விழுறது அபூர்வம், கிளிமிபிரைடு வேற ரகம். நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பாக்காம கணையத்துல இருந்து இன்சுலினை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், கிணத்துல தண்ணி வத்தின பின்னாடியும் ஓடிக்கிட்டே இருக்கிற மோட்டார் மாதிரி. அதோட சேத்து நீங்க மிதிக்கிறீங்க, மிதிக்கிற தசை இன்சுலினுக்குக் கூட காத்திருக்காம ரத்தத்துல இருக்கிற சக்கரையை இழுத்துக்கும். இந்த சீசன்ல பாம்பன் பக்கம் போறதுன்னா வாடைக்காத்து எதிர்லயும் பக்கவாட்டுலயும் அடிச்சிருக்கும், உங்க சக்தியில பாதிக்கு மேல போறப்பவே போயிருக்கும், அதான் திரும்பி வர்ற வழியில ஆளைத் தள்ளிருச்சு.

அந்த நேரத்துல இளநி கைகொடுக்காது சார். தாகத்துக்கு நல்லது, ஆனா அதுல சக்கரை கம்மி. பரோட்டால எண்ணெய் இருக்கு, வயித்துல இருந்து இறங்கவே நேரம் ஆகும். நடுக்கம், படபடப்பு, வேர்வை, திடீர் எரிச்சல், கண்ணு மங்குறது, இதுல எது வந்தாலும் அடுத்த ஊர் வரட்டும்னு மிதிக்காம உடனே ஓரம் கட்டுங்க, விரல்ல குத்திப் பாருங்க, 70க்குக் கீழ இருந்தா 15 கிராம் குளுக்கோஸ், அதாவது டீஸ்பூனால மூணு நாலு ஸ்பூன் குளுக்கோஸ் பொடியை தண்ணியில கலக்கி குடிச்சிட்டு 15 நிமிஷம் உக்காந்து மறுபடி பாருங்க. ஏறலன்னா இன்னொரு தடவை. ஏறின பின்னாடி பிஸ்கட்டோ வாழைப்பழமோ சாப்பிட்டுட்டு சைக்கிளைத் தொடுங்க. மீட்டர் கையில இல்லன்னா லோ சுகர்னே வச்சுக்கிட்டு குளுக்கோஸை முதல்ல குடிச்சிருங்க. பொடி பொட்டலம் பின்னாடி பையில அடியில கிடக்கக் கூடாது, ஜெர்சி பாக்கெட்லயே இருக்கணும்.

கருப்பட்டி பத்தி இங்க ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். சாயல்குடி பக்கம் இருந்து வர்ற நிறைய பேரு, பனங்கருப்பட்டி சுகரை ஏத்தாதுன்னு நம்பி தினமும் காபியில போட்டுக் குடிக்கிறாங்க. அதுவும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், வெள்ளைச் சக்கரை மாதிரியே ஏத்தும். சைக்கிள்ல போறப்ப குளுக்கோஸ் தீந்துபோச்சுன்னா அதை வாயில போட்டு கடிச்சுக்கலாம், வீட்ல உக்காந்து குடிக்கிற காபிக்கு வேண்டாம்.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் ராத்திரிதான். பகல் பூரா மிதிச்சா தசையில சேத்து வச்ச சக்கரை காலி ஆகிடும், அதை நிரப்புறதுக்கு உடம்பு நீங்க தூங்குறப்பவும் ரத்தத்துல இருந்து எடுத்துக்கிட்டே இருக்கும், 24 மணி நேரம் வரைக்கும் கூட இது நீளும். அதுக்கு மேல நைட்டு மாத்திரையையும் வழக்கம்போல போட்டுட்டு, அலுப்புல ரெண்டு இட்லியோட படுத்தீங்கன்னா விடியக்காலம் ரெண்டு மூணு மணிக்கு சுகர் விழலாம். கெட்ட கனவு, தலைகாணி நனையிற அளவுக்கு வேர்வை, காலைல தலைவலி, இதெல்லாம் அதோட அடையாளம். அதனால லாட்ஜ்ல தனி ரூம் போடாதீங்க. படுக்கப் போறப்ப 100க்குக் கீழ இருந்தா எதாவது சாப்பிட்டுட்டுத்தான் படுக்கணும், முதல் ரெண்டு நாளாவது நடுராத்திரி அலாரம் வச்சு ஒரு தடவை பாத்துருங்க.

மாத்திரையை நீங்களா நிப்பாட்டாதீங்க. உங்க டாக்டர்கிட்ட போய் தினமும் அஞ்சாறு மணி நேரம் மிதிக்கப் போறேன்னு சொல்லுங்க, கிளிமிபிரைடை அந்த நாட்களுக்கு குறைக்கவோ சுகரை கீழ தள்ளாத வேற மருந்துக்கு மாத்தவோ அவரால முடியும். ரெண்டும் சேந்த ஒரே மாத்திரையா இருக்கறதால நீங்க பாதியா உடைச்சா மெட்ஃபார்மினும் சேந்து குறையும், அதனாலயும் சொல்றேன். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் பாக்கச் சொல்லுங்க, கிட்னி கொஞ்சம் சோர்ந்திருந்தாலும் லோ சுகர் அடிக்கடி வரும், வந்தா சீக்கிரம் விடாது. இசிஜியும் டிரெட்மில் டெஸ்ட்டும் கட்டாயம் பாத்துருங்கன்னு நான் சொல்வேன், ஏன்னா சுகர்காரங்களுக்கு நெஞ்சுவலியே வராம இதயத்துல அடைப்பு இருக்கிறது உண்டு. கண்ணுல விழித்திரையையும் ஒரு தடவை காட்டிருங்க. பிரஷருக்கு மாத்திரை எதுவும் சாப்பிட்டா அதையும் சொல்லணும், சில மாத்திரை லோ சுகரோட நடுக்கத்தையும் படபடப்பையும் மறைச்சிரும்.

மூணு நாள் பத்தாது சார், நாலா ஆக்குங்க. முதல் நாள் பரமக்குடி தாண்டி மானாமதுரை, ரெண்டாம் நாள் திருப்புவனம் வழியா மதுரை போய் சீக்கிரமே ஓய்வு, மூணாம் நாள் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் ஏறி தேனி, நாலாம் நாள் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். மதுரை வரைக்கும் ஏத்தம்னு பெருசா இல்ல, அதுக்கப்புறம்தான் காலுக்குத் தெரியும். கம்பமே 400 மீட்டர் உயரத்துக்குள்ளதான், மூச்சுக்கு ஒண்ணும் ஆகாது. தேனிக்கு மேல நீங்க பாக்கப்போறது முல்லையாறு. 1895ல கட்டின பெரியாறு அணைத் தண்ணி மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா வந்து அந்தப் பள்ளத்தாக்கை நனைச்சிட்டு வைகையில சேருது, அந்த வைகையோட கடைசித் தண்ணிதான் நம்ம ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வருது. நம்ம ஊருக்காரங்க ஒரு தடவையாவது அந்த வழியா மேல போய்ப் பாக்கணும், அதனாலயும்தான் வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. மகரஜோதி முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுக் கிளம்புங்க, இல்லன்னா குமுளி ரோட்டுல சபரிமலை வண்டி நெரிசல் தாங்காது.

நம்மகிட்ட மலை இல்லையேன்னு யோசிக்காதீங்க, பயிற்சிக்கு காத்து இருக்கு. வாரம் ரெண்டு நாள் முதல்ல காத்தை எதிர்த்துப் போயிட்டு காத்தோட திரும்புங்க. கிளம்புறப்ப சுகர் 90க்குக் கீழ இருந்தா சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பணும், அரை மணி, முக்கால் மணிக்கு ஒரு தடவை எதையாவது வாயில போடுங்க, ஒவ்வொரு தடவையும் மீட்டர் நம்பரை ஒரு நோட்டுல எழுதுங்க. ஒரு மாசத்துக்கு அந்த நோட்டு இருந்தா உங்க டாக்டருக்கு மருந்தளவு முடிவு பண்றது சுலபம்.

திராட்சை தாராளமா சாப்பிடலாம், எப்போங்கறதுதான் கேள்வி. 100 கிராம்ல ஏறக்குறைய 17 கிராம் மாவுச்சத்து, அதுல பெரும்பகுதி சக்கரைதான். மிதிக்கிறப்ப நடுவுல ஒரு கைப்பிடி சாப்பிட்டா தசை எடுத்துக்கும். பயணம் முடிஞ்சு தோட்டத்து நிழல்ல உக்காந்து அரைக் கிலோவை தின்னா நைட்டு மீட்டர் வேற கதை சொல்லும், ஜூஸ் போட்டுக் குடிச்சா இன்னும் மோசம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, வருஷம் பூரா பறிப்பு இருக்கிற ஊரு, அதனால அவசரமே வேண்டாம். கொடியில இருந்து பறிச்சு அப்படியே வாயில போடாதீங்க, மருந்து அடிச்சிருப்பாங்க, நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசிட்டு சாப்பிடுங்க.

விரல் மரத்துப்போறது பெரும்பாலும் சைக்கிளால வர்றது. சுண்டுவிரல் பக்கம் போற நரம்பு உள்ளங்கை அடியில ஹேண்டில்பாரோட அழுந்துது. சுகரால வர்ற நரம்புக் கோளாறு பொதுவா பாதத்துல ஆரம்பிக்கும், ஆனா சுகர் இருக்கிற நரம்பு அழுத்தம் தாங்காது, அதனால கவனிக்கணும். சீட்டு மூக்கு கீழ சாஞ்சிருக்கான்னு பாருங்க, சாஞ்சிருந்தா உடம்பு எடை பூரா கைக்குத்தான் போகும். ஹேண்டில்பாரை கொஞ்சம் ஒசத்துங்க, ஜெல் வச்ச கிளவுஸ் போடுங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கையை மாத்திப் பிடிங்க. மூணு வாரத்துல குறையலன்னாலோ, பிடிப்பு தளர்ந்தாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல சதை வத்துற மாதிரி தெரிஞ்சாலோ நரம்பு டாக்டரைப் பாருங்க.

கூட வர்ற மூணு நாலு பேருக்கும் உங்களுக்கு சுகர் இருக்குன்னு தெரியணும், கூச்சப்படாதீங்க. நீங்க சம்பந்தமில்லாம கோவப்பட்டாலோ, பேச்சு குழறினாலோ சைக்கிளை கோணலா விட்டாலோ உடனே நிப்பாட்டி குளுக்கோஸ் கொடுக்கச் சொல்லுங்க. மயங்கிட்டீங்கன்னா மட்டும் வாயில தண்ணியோ சக்கரையோ எதையும் ஊத்தக் கூடாது, நுரையீரலுக்குப் போயிரும். ஒரு பக்கமா சாச்சுப் படுக்க வச்சிட்டு 108க்குக் கூப்பிடணும், சுகர் பேஷண்டுன்னு போன்லயே சொல்லணும்.